பால்வாடி டீச்சருக்கு எவ்வளவு சம்பளம்? ஓசூர் எல்லையில் ஒரு கணக்கு

அம்மாக்கள் கம்பெனி பஸ் ஏறினால்தான் ஓசூர் இயங்கும். அவர்கள் பஸ் ஏற வேண்டுமென்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெண் வேண்டும். அந்தப் பெண்ணின் கைக்கு மாதம் என்ன வருகிறது? ஓய்வு பெறும்போது என்ன கிடைக்கிறது? தமிழ்நாடு, கர்நாடகம் என இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காலை ஐந்தரை மணிக்கு ஓசூரின் எந்த முக்கிய சாலையில் நின்றாலும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை என்று ஷிப்டுக்குக் கிளம்பும் பெண்கள். 1970களில் சிப்காட் வந்த பிறகு வளர்ந்த ஊர் இது. பஸ், லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று தொடங்கி இப்போது செல்போன் பாகங்கள், மின்சார ஸ்கூட்டர் வரை வந்திருக்கிறது. போச்சம்பள்ளியில் அமைந்த ஓலா ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அந்த நிறுவனம் அறிவித்தது. ஓசூரை அடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் பெண் தொழிலாளர்கள்தான் பெருமளவில் இருக்கிறார்கள்.

வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவர்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பால்வாடி டீச்சர், ஆயாம்மா, கம்பெனி குழந்தைக் காப்பகத்தில் இருக்கும் அக்கா, தெருமுனை விளையாட்டுப் பள்ளியின் மிஸ் என்று இவர்களில் பல வகையினர் உண்டு. இவர்களில் பெரும்பாலானோரின் சம்பளம், அவர்கள் பார்த்துக்கொள்ளும் குழந்தையின் அம்மா வாங்கும் சம்பளத்தை விடக் குறைவு.

நாலு மொழியில் 'தண்ணீர்'

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அங்கன்வாடி நடத்துவது தனி அனுபவம். ஒரு குழந்தை 'தண்ணி' கேட்கும், பக்கத்துக் குழந்தை 'நீள்ளு' என்று தெலுங்கில் கேட்கும், இன்னொன்று 'நீரு' என்று கன்னடத்தில் கேட்கும். உருது பேசும் வீட்டுக் குழந்தையும், வேலை தேடி வட மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தையும் 'பானி' என்று நிற்கும். நாலு பேருக்கும் புரிகிற மாதிரி பாட்டு, கதை, எண்ணிக்கை எல்லாம் சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தருவது வேலையின் ஒரு பகுதிதான். மாதாமாதம் ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு, உயரம் அளந்து எழுத வேண்டும். மதியச் சாப்பாடு வேளைக்குத் தயாராக வேண்டும். தமிழ்நாட்டில் வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு, அதை எண்ணி வாங்கி, அவித்து, உரித்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு தர வேண்டும். தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய்த் தாய்மார்களை அழைத்து வர வேண்டும்.

2021 மார்ச்சிலிருந்து 'போஷன் டிராக்கர்' செயலி வேறு சேர்ந்துகொண்டது. வருகை, எடை, உணவு எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவை வாங்க வருபவரின் முகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று ஆனது. ஓசூர் நகரத்தில் இது ஒருவழியாக நடந்துவிடும். அஞ்செட்டி, தளி பக்கத்து மலைக் கிராமங்களில் சிக்னல் தேடி மேடு ஏற வேண்டும்.

இதற்கு நடுவே வாக்காளர் பட்டியல் வேலையும் உண்டு. பல ஊர்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்குவது அங்கன்வாடிப் பணியாளர்தான். பக்கத்து மையத்தில் ஆள் இல்லையென்றால் அதுவும் 'கூடுதல் பொறுப்பு' என்று இவர் தலையில் விழும்.

சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்'

1975 அக்டோபர் 2 அன்று, காந்தி ஜெயந்தி நாளில், நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல்.

தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. அங்கன்வாடியில் வேலை செய்பவர் அரசு ஊழியர் அல்ல, ஊருக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தொண்டு செய்ய வரும் உள்ளூர்ப் பெண் என்றே திட்டம் கருதியது. தொண்டு செய்பவருக்குச் சம்பளம் கிடையாது, மரியாதைக்குக் கொடுக்கும் தொகைதான் உண்டு. அதற்குத் தமிழில் மதிப்பூதியம் என்று பெயர், கன்னடத்தில் 'கௌரவதன'. பெயரில் கௌரவம் இருக்கிறது. ஆனால் சம்பளம் என்று சொன்னால்தான் குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம் கூடவே வரும். 'மதிப்பூதியம்' என்ற சொல் அந்தக் கதவுகளை எல்லாம் மூடி வைத்தது.

மத்திய அரசு நிர்ணயித்த தொகை எப்படி உயர்ந்தது என்று பாருங்கள். 2008-ல் பணியாளருக்கு மாதம் 1,500 ரூபாய். 2011-ல் 3,000. 2018 அக்டோபரில் 4,500. உதவியாளருக்கு அதில் பாதி, அதாவது 2,250. இதிலும் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் போடுகின்றன. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தத் தொகை அப்படியே நின்றுவிட்டது. வேலையை ஒழுங்காக முடித்தால் மாதம் 500 ரூபாய், உதவியாளருக்கு 250 ரூபாய் ஊக்கத்தொகை என்பது மட்டும் கூடுதல்.

4,500 ரூபாயை 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 173 ரூபாய். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய், கர்நாடகத்தில் 370 ரூபாய். மத்திய அரசின் தொகை மட்டும் என்றால், மண் வெட்டும் கூலியில் பாதிதான் மழலைகளை வளர்ப்பதற்கு. மீதியை மாநிலங்கள்தான் தம் கையிலிருந்து போடுகின்றன. அதனால்தான் மாநில எல்லை தாண்டினால் பால்வாடி டீச்சரின் வாழ்க்கையே மாறுகிறது.

ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம்

தமிழ்நாடு மற்ற மாநிலங்களிலிருந்து கொஞ்சம் வேறு வழியில் போனது. இங்கே 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்தே குழந்தைகளுக்குச் சோறு போடும் பெண்கள் பெரிய படையாக உருவானார்கள். அவர்களுடைய சங்கங்களும் வலுவாக வளர்ந்தன. பல ஆண்டுப் போராட்டங்களுக்குப் பிறகு வெறும் மதிப்பூதியம் என்பது போய், 'சிறப்பு காலமுறை ஊதியம்' வந்தது. அதாவது ஆண்டுதோறும் ஊதிய உயர்வு உண்டு, படிகள் உண்டு, அனுபவத்துக்கு ஏற்பச் சம்பளம் ஏறும்.

அந்த அளவுகோல் இதுதான்:

• அங்கன்வாடிப் பணியாளர்: 7,700 முதல் 24,200 ரூபாய் வரை
• குறு அங்கன்வாடிப் பணியாளர்: 5,700 முதல் 18,000 ரூபாய் வரை
• அங்கன்வாடி உதவியாளர்: 4,100 முதல் 12,500 ரூபாய் வரை

2025-ல் தமிழ்நாடு அரசு 7,783 காலியிடங்களை நிரப்ப அறிவிப்பு வெளியிட்டது. 3,886 பணியாளர்கள், 305 குறு மையப் பணியாளர்கள், 3,592 உதவியாளர்கள். பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள். முதல் 12 மாதம் தொகுப்பூதியம்தான்: பணியாளருக்கு 7,700, உதவியாளருக்கு 4,100. அதன் பிறகே காலமுறை ஊதியம்.

இங்கேயும் அதே கணக்கைப் போடுவோம். 7,700 ரூபாயை 26 நாளுக்குப் பிரித்தால் 296 ரூபாய். முதல் ஆண்டில் டீச்சருக்குக் கிடைப்பது நூறு நாள் வேலையின் தினக்கூலியை விட 40 ரூபாய் குறைவு. உதவியாளருக்கோ நாளைக்கு 158 ரூபாய். நூறு நாள் வேலை ஆண்டு முழுவதும் கிடைக்காது, அங்கன்வாடி மாதாமாதம் நிச்சயம் என்பது உண்மைதான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முப்பது குழந்தைகளின் பொறுப்பை ஏற்பவருக்கு இது போதுமா?

பொங்கல் வந்தாலும் வித்தியாசம் தெரியும். அரசின் 'சி', 'டி' பிரிவு ஊழியர்களுக்கு 3,000 ரூபாய் வரை மிகை ஊதியம் அறிவிக்கப்பட்டபோதெல்லாம், சிறப்பு காலமுறை ஊதியம் வாங்கும் அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்களுக்கு 1,000 ரூபாய்தான். முழு அரசு ஊழியரும் இல்லை, தொண்டரும் இல்லை என்ற நடுவாசல் நிலைக்கு இது ஒரு அடையாளம்.

ஓய்வு பெறும்போது அந்த நிலை இன்னும் உறைக்கும். பணி ஓய்வின்போது மொத்தத் தொகையாகப் பணியாளருக்கு 1 லட்சம் ரூபாய், உதவியாளருக்கு 50 ஆயிரம் ரூபாய், பிறகு மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம் என்பதே பல ஆண்டுகளாக இருந்த ஏற்பாடு. இதை உயர்த்தக் கேட்டுத்தான் சங்கங்கள் திரும்பத் திரும்பப் போராட்டத்தில் இறங்கின.

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. சில நிமிடப் பயணம்தான். அங்கே காலமுறை ஊதியம் இல்லை, 'கௌரவதன'தான். ஆனால் தொகை கொஞ்சம் பெரியது. 2022-23 பட்ஜெட்டில் அனுபவத்தைப் பொறுத்து 1,000 முதல் 1,500 ரூபாய் வரை உயர்த்தினார்கள். 2025-26 பட்ஜெட்டில் பணியாளருக்கு 1,000, உதவியாளருக்கு 750 ரூபாய் என்று மறுபடி உயர்த்தினார்கள். இப்படி ஏறி ஏறிப் பணியாளருக்கு மாதம் 12,000 ரூபாய்க்கு அருகே வந்திருக்கிறது. 2023 தேர்தல் நேரத்தில் காங்கிரஸ் 15,000 ரூபாய் தருவதாக வாக்குறுதி கொடுத்தது. அதை எப்போது முழுதாகத் தருவீர்கள் என்று அங்கே சங்கங்கள் கேட்கின்றன.

அந்த ஊரில் வேலையும் லேசானதல்ல. 2017 முதல் 'மாத்ருபூர்ணா' திட்டத்தில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடிக்கே வந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அந்தச் சமையலும் பரிமாறலும் இவர்கள் கணக்கில்தான்.

அப்படியானால் எந்தப் பக்கம் நல்லது? புதிதாகச் சேருபவரைப் பார்த்தால் கர்நாடகம் முன்னே நிற்கிறது. ஆண்டுகள் போகப் போகச் சம்பளம் தானாக ஏறும் வசதி தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு உயர்வுக்கும் பட்ஜெட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். மாதாந்திர ஓய்வூதியம் என்ற ஒன்று, சிறிதானாலும், தமிழ்நாட்டில் இருக்கிறது. பணிக்கொடையில் கர்நாடகம் ஒரு படி முன்னே போய்விட்டது. அதற்குப் பின்னால் ஒரு நீதிமன்றக் கதை உண்டு.

அமீர்பீ முதல் மணிபென் வரை

அங்கன்வாடிப் பெண்களின் உரிமைக் கதையில் இரண்டு வழக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதல் வழக்கு கர்நாடகத்தைச் சேர்ந்தது. அமீர்பீ என்பவரும் மற்றவர்களும் தொடர்ந்த வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசின் சிவில் பதவியில் இருப்பவர்கள் அல்ல என்றது. 'நீங்கள் அரசு ஊழியர் இல்லை' என்று அரசுகள் சொல்வதற்கு அதன் பிறகு இந்தத் தீர்ப்பே கைகொடுத்தது.

இரண்டாவது வழக்கு குஜராத்தைச் சேர்ந்த மணிபென் தொடர்ந்தது. 2022 ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ்.ஓகா அமர்வு தீர்ப்பளித்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தெளிவாகச் சொன்னது. இது பகுதி நேர வேலை என்ற வாதத்தை ஏற்கவில்லை. மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அந்தச் சட்டத்தின்படி அது ஊதியம்தான் என்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும் சொல்லும் கடமைகளை இந்தப் பெண்கள்தான் நிறைவேற்றுகிறார்கள் என்பதையும் எடுத்துக்காட்டியது.

இந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு 2023 ஜனவரியில் கர்நாடக அங்கன்வாடிப் பெண்கள் பெங்களூரு ஃப்ரீடம் பார்க்கில் பல நாள் குளிரில் உட்கார்ந்தார்கள். பணிக்கொடை தர அந்த மாநில அரசு ஒப்புக்கொண்டது. எந்த ஆண்டு ஓய்வு பெற்றவர்களிலிருந்து தருவது என்பதில் இழுபறி தொடர்ந்தாலும், கொள்கை அளவில் அது பெரிய வெற்றி.

பணிக்கொடைக் கணக்கு சுலபம்தான். கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 12,000 ரூபாய் வாங்கியவர் 30 ஆண்டு வேலை பார்த்திருந்தால் 2,07,692 ரூபாய். தமிழ்நாட்டில் கடைசி மாதச் சம்பளம் 18,000 ரூபாய் வாங்கிய ஒருவருக்கு அதே 30 ஆண்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 3,11,538 ரூபாய் வரும். 1 லட்சம் என்ற மொத்தத் தொகைக்கும் இதற்கும் உள்ள தூரம் 2 லட்சத்துக்கும் மேல். ஓய்வு பெறும் ஒரு பெண்ணுக்கு அது வீட்டுக் கடனோ மகளின் கல்யாணச் செலவோ தீரும் பணம்.

குஜராத்தில் கதை இன்னும் நீண்டது. 2025 ஆகஸ்டில் அந்த மாநில உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், பணியாளருக்கு மாதம் 24,800 ரூபாயும் உதவியாளருக்கு 20,300 ரூபாயும் குறைந்தபட்ச ஊதியமாகத் தரச் சொன்னது. மற்ற மாநிலச் சங்கங்களும் இப்போது அந்த எண்களைச் சுட்டிக்காட்டுகின்றன. 2013-லேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் கொடுக்கப் பரிந்துரைத்திருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆயாம்மாவை மறந்துவிடுகிறோம்

எல்லாக் கணக்கிலும் கடைசி வரியில் நிற்பவர் உதவியாளர். காலையில் முதலில் வந்து பூட்டைத் திறப்பவர் அவர். பெருக்கி, தண்ணீர் பிடித்து, அடுப்பு பற்றவைத்து, வராத குழந்தையை வீட்டுக்கே போய்த் தூக்கி வருபவர் அவர். குழந்தை ஆய் போய்விட்டால் கழுவிவிடுபவரும் அவரே. மத்திய அரசின் தொகையில் அவருக்குச் சரிபாதி. தமிழ்நாட்டின் அளவுகோலிலும் தொடக்கச் சம்பளம் பணியாளருடையதில் பாதியைச் சற்றே தாண்டும்.

கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் இந்த வேலைக்கு முன்னுரிமையோடு வருவதுண்டு. ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு 4,100 ரூபாய் தொடக்கச் சம்பளம் எப்படிக் கட்டுப்படியாகும்? தொழிற்சாலை வளர்ந்ததால் ஓசூரில் வீட்டு வாடகை ஏறியது. அதே வாடகைதான் ஆயாம்மாவுக்கும்.

குறு மையங்களில் இந்த ஆயாம்மாவும் கிடையாது. மலைக் கிராமங்களில் இயங்கும் சிறிய மையங்களில் ஒரே பெண்தான் டீச்சர், சமையல்காரர், காவலாளி எல்லாமும். சம்பளம் மட்டும் முழு மையத்து டீச்சரை விடக் குறைவு. குறு மையங்களை முழு மையங்களாக உயர்த்த மத்திய அரசு 2023-ல் வழிவிட்டது. அது எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு வேகமாக இந்தப் பெண்களின் சுமை குறையும்.

'மிஸ்' என்று கூப்பிட்டால் போதுமா?

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயதிலிருந்தே கல்வி தொடங்குகிறது என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி, அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டு டிப்ளமோ என்று பாதை போட்டது. 2023 மே மாதம் 'போஷன் பி, படாய் பி' (ஊட்டமும் படிப்பும்) என்ற திட்டம் வந்தது. பொறுப்பு ஆசிரியருடையதாக மாறிவிட்டது. சம்பளப் பட்டியல் மட்டும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். ஆசிரியர்களில் பலர் மறுத்து நீதிமன்றம் போனார்கள். 2022-ல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு, பெற்றோர்களின் எதிர்ப்புக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள். முதலில் வந்தவருக்கு முழு ஆசிரியர் சம்பளம், பிறகு வந்தவருக்கு 5,000. குழந்தைகளும் பாட்டும் மாறவில்லை.

ஷிப்டும் மணியும் ஒத்துப்போகவில்லை

கம்பெனியில் ஷிப்ட் ஆறு மணிக்கு, இரண்டு மணிக்கு, பத்து மணிக்கு என்று மாறும். அங்கன்வாடி காலையில் திறந்து மாலைக்குள் மூடிவிடும். அதிலும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை நாள் முழுவதும் விட்டுப்போகும் இடமல்ல அது. அதனால்தான் கிராமத்திலிருந்து பாட்டியை வரவழைக்கிறார்கள், இல்லையென்றால் பெண் வேலையை விடுகிறாள்.

சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின 2017 திருத்தம் கொண்டுவந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும். அம்மா ஒரு நாளில் நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்காக மத்திய அரசின் 'பால்னா' திட்டம் இருக்கிறது. கர்நாடகம் கிராம ஊராட்சிகளில் 'கூசின மனெ' (குழந்தையின் வீடு) என்று காப்பகங்களைத் தொடங்கியது.

காப்பகம் திறப்பது நல்ல விஷயம். ஆனால் அங்கே குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெண்ணின் சம்பளத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு வருபவர் ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார். ஒரு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகம் மாறினால் அது யாரிடம் ஒட்டும்? தினமும் அதே கை தூக்கிக்கொள்வதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு. நல்ல சம்பளம் கொடுத்தால்தான் அந்தக் கை அங்கேயே இருக்கும்.

தனியாரில் வேலை பார்க்கிறீர்களா? இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

விளையாட்டுப் பள்ளி, நர்சரி, கம்பெனி காப்பகம் என்று தனியாரிடம் வேலை பார்க்கும் பெண்கள் ஓசூரில் ஏராளம். 'இது சின்ன இடம், உங்களுக்கு எதுவும் கிடையாது' என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

• நியமனக் கடிதம்: 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நியமனக் கடிதம் தருவது கட்டாயம். கேட்டு வாங்குங்கள்.

• இ.எஸ்.ஐ.: 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உண்டு. குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் வரை உதவித்தொகையும் உண்டு.

• பி.எஃப்.: 20 பேர் இருந்தால் பொருந்தும். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தால், முதலாளியும் அதே அளவு போட வேண்டும். கைப்பேசியில் கணக்கைப் பார்த்து, பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் சரிபாருங்கள்.

• பணிக்கொடை: தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் உண்டு. 2009-ல் வந்த சட்டத் திருத்தத்தை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டே போதும்.

• ஒப்பந்ததாரர் வழி வேலை: ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் இழுத்தடித்தால், உங்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு.

• அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு: 2024 இடைக்கால பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர் எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. பணியில் சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, கூடுதல் பொறுப்பு ஆகியவற்றுக்கான ஆணைகளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். பணிக்கொடைக் கணக்குக்கு அந்தக் காகிதங்கள்தான் ஆதாரம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் மாதம் ஒரு முறையாவது உள்ளே போய் உட்காருங்கள். முட்டை வந்ததா என்று கேட்பதோடு, டீச்சருக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததா, ஆயாம்மா இடம் காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். கிராம சபையில் அங்கன்வாடிக் கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசும்போது காலியிடத்தைப் பற்றியும் பேசித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தனியார் விளையாட்டுப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன், கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போதே, இங்கே மிஸ்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேளுங்கள். வருடா வருடம் மிஸ் மாறும் பள்ளியா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கள் குறைதீர்ப்புக் கூட்டத்தில் காப்பகம் கேட்கும்போது, அங்கே வேலை பார்க்கப்போகும் பெண்ணுக்கு என்ன சம்பளம் என்பதையும் கோரிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அவருடைய சம்பளம் நின்றால் உங்கள் ஷிப்டும் நிற்கும்.

அரசுகளைக் கேட்க வேண்டியதும் சிக்கலான விஷயம் இல்லை. தமிழ்நாட்டின் ஆண்டு ஊதிய உயர்வையும் ஓய்வூதியத்தையும், கர்நாடகத்தின் தொடக்கத் தொகையையும் பணிக்கொடையையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் போதும், இரண்டு மாநிலப் பெண்களும் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஏற்கெனவே ஒரு பெண்ணுக்குக் கிடைத்துக்கொண்டிருப்பதுதான்.